பெட்டிக்குள் இருந்த தோல்: ஈவா ஹெஸ்ஸேயின் ‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷன்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

1988க்குப் பிறகு அந்தச் சிற்பத்தைப் பொதுமக்கள் யாரும் பார்க்கவில்லை. நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. விற்கவில்லை, தொலையவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. ஆனால் காட்சிக்கு வைக்க முடியாது என்ற நிலையில் கிடங்கிலேயே இருந்தது. 2022 ஜூலையில்தான் மறுபடி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. நடுவே 34 ஆண்டுகள். அதைச் செய்த அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸே உயிரோடு இருந்ததும் 34 ஆண்டுகள்தான். இந்த எண் பொருத்தத்தில் பெரிய அர்த்தம் எதையும் நான் தேடவில்லை. ஆனாலும் முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷன்’ 1969இல் செய்யப்பட்டது. 3 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். விரித்து வைத்தால் சுமார் 7.6 மீட்டர் அகலம். ஃபைபர்கிளாஸும் (கண்ணாடி இழை) பாலியெஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் சேர்ந்த கம்பங்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். கம்பத்துக்குக் கம்பம் சல்லாத் துணி தொங்கும். துணி முழுக்க ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ், தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசியிருக்கும். மொத்தம் மூன்று பகுதிகள். ஒன்றில் 3 கம்பங்கள், அடுத்ததில் 5, கடைசியில் 8. கம்பங்களை நெருக்கி வைத்தால் துணி மடிந்து அகலம் குறையும், விலக்கினால் விரியும். பெயரே இதைத்தான் சொல்கிறது. இதற்கு மேலும் பகுதிகள் செய்து, பார்ப்பவரைச் சூழ்ந்துகொள்ளும் அளவுக்கு நீட்ட வேண்டும் என்று ஹெஸ்ஸே நினைத்திருந்தார். உடல்நிலை விடவில்லை.

செய்தபோது லேடெக்ஸ் வெளிர் மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி இருந்தது. தொட்டால் நெகிழும். இப்போது அது பழுப்பு. விறைத்துப்போயிருக்கிறது. நெருக்குவது, விலக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை, மடித்தால் உடைந்துவிடும். அப்படியென்றால் விரிவதைப் பற்றிய ஒரு சிற்பம் இனி விரியாது. இந்த நிலையில் அதை என்ன செய்வது? கிடங்கிலேயே விட்டுவிடலாம். அதே பொருட்களைக் கொண்டு புதிதாகச் செய்துவிடலாம். அல்லது இருக்கிற கோலத்திலேயே நிறுத்திக் காட்டலாம். இந்த மூன்றில் எது சரி என்பதுதான் என் கேள்வி. எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், இந்தப் பொருள் அவர் கைக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

துணி ஆலையில்

ஹெஸ்ஸே பிறந்தது 1936 ஜனவரி 11, ஹாம்பர்க்கில், யூதக் குடும்பத்தில். நாஜி ஆட்சி இறுகிக்கொண்டிருந்த 1938இன் கடைசியில் அக்காவோடு குழந்தைகளுக்கான ரயிலில் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் பிறகு வந்து சேர்ந்தார்கள். 1939இல் குடும்பம் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பத்து வயது ஆவதை ஒட்டி அம்மா தற்கொலை செய்துகொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்து 1959இல் பட்டம் பெற்றார். அதுவரையும், அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் அவர் ஓவியர்தான்.

1964இல் அவருடைய கணவர், சிற்பி டாம் டாயிலுக்கு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. ரூர் நதிக்கரையில் கெட்விக் என்ற ஊர். அங்கே ஒரு துணி ஆலை அதிபர், கலைப்பொருட்கள் சேகரிப்பவர். ஆலையில் புழக்கத்தில் இல்லாத ஒரு பகுதியை வேலை செய்ய ஒதுக்கிக் கொடுத்தார். ஹெஸ்ஸேயும் உடன் போனார். ஓவியம் ஓடவில்லை, சோர்ந்துபோய்விட்டார். நண்பரும் கலைஞருமான சோல் லெவிட்டுக்குத் தன் நிலையை எழுதினார். 1965இல் லெவிட் பதிலுக்கு எழுதிய நீண்ட கடிதம் பிற்பாடு பிரபலமாகிவிட்டது. யோசித்துக் குழம்புவதை விடு, செய், அவ்வளவுதான் என்பது அதன் சாரம்.

ஆலைத் தரையில் பழைய எந்திரங்களின் துண்டுகளும் நூல்கயிறுகளும் கிடந்தன. ஹெஸ்ஸே அவற்றை எடுத்தார். பலகையில் ஒட்டினார், கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றினார், மேலே வண்ணம் பூசினார். அந்த ஊரில் இருந்த காலத்தில் இப்படி 14 புடைப்புப் படைப்புகள் செய்து முடித்தார். நியூயார்க் திரும்பியவர் சிற்பியாகத்தான் திரும்பினார்.

இந்தத் தொடக்கம் முக்கியமானது. ஹெஸ்ஸேக்குத் தொழிற்சாலைப் பொருள் என்பது வெளியிலிருந்து வந்த ஒரு தத்துவம் இல்லை. காலுக்குக் கீழே கிடந்த சாமான். அதே காலத்தில் டொனால்ட் ஜட், கார்ல் ஆந்த்ரே போன்ற சிற்பிகள் ஆலையில் வார்த்த உலோகத்தையும் செங்கல்லையும் கைபடாத சுத்தத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்ஸே அவர்களோடு பழகினார், அவர்களின் கட்டங்களையும் வரிசைகளையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

‘ஆக்சஷன்’ வரிசையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். துத்தநாகம் பூசிய எஃகில், மேல்பக்கம் திறந்த ஒரு பெட்டி. ஆலையில் வெட்டித் துளையிட்டு வாங்கியது. துளைகள் வழியாக வினைல் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்திருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் இருக்கும் பெட்டியில் மட்டும் 30,670 துண்டுகள். வெளிப்பக்கம் பாய் பின்னியது போல ஒழுங்காக இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ரோமம் அடர்ந்த ஒரு குழி. உடம்பை எங்கேயும் வடிக்கவில்லை. கை, கால், முகம் எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே கைவிட்டுப் பார்க்கத் தோன்றும், கூடவே வேண்டாம் என்றும் தோன்றும். 1966இல் செய்த ‘ஹேங் அப்’ பற்றிச் சொல்லும்போது, உடைந்த கைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மாதிரி அந்தச் சட்டத்தைச் சுற்றியிருப்பதாக அவரே சொன்னார். ரோமம், கட்டு, தோல் என்று உடம்பு அவரிடம் இப்படித்தான் வருகிறது. உருவமாக வருவதில்லை, தொடு உணர்வாக வருகிறது.

ரப்பர் பால்

1967 வாக்கில் லேடெக்ஸ் வந்தது. மரத்தில் கீறி எடுக்கும் பால், கெட்டுப்போகாமல் இருக்க அம்மோனியா சேர்த்து டப்பாவில் விற்பது. அச்சு எடுக்கப் பயன்படும் சரக்கு. ஊற்றி, காயவைத்து, உரித்து எடுத்து, அந்த அச்சை வைத்து வேறு எதையாவது வார்ப்பார்கள். ஹெஸ்ஸே அச்சாக இருந்ததையே சிற்பமாக்கிவிட்டார்.

அதைப் பூசும் முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போது லேடெக்ஸ் பாலைப் போலவே வெள்ளை. சல்லாத் துணியில் தடவினால் இழைகளுக்கு நடுவிலுள்ள சின்னச் சின்ன ஓட்டைகளில் படலமாக நிற்கும். தண்ணீர் ஆவியாக ஆவியாக வெள்ளை விலகி, தேன் கலந்த மாதிரி ஒரு நிறம் வரும். காய்ந்ததும் அடுத்த பூச்சு. தூரிகை போன தடம், வழிந்து இறங்கிய கோடு, ஓரத்தில் திரண்டு நின்ற சொட்டு, எல்லாம் அப்படியே உறைந்துவிடும். ஒரு பலகத்தைப் போல இன்னொன்று வராது. அன்றைய அறைச் சூடு, துணி தொங்கிய விதம், பூசியவரின் கை வேகம் எல்லாமே அதில் பதிந்துவிடும். ஓவியராகப் பத்து ஆண்டுகள் இருந்த ஒருவர் இந்தப் பொருளை ஏன் விட முடியாமல் இருந்தார் என்பது இங்கே புரிகிறது. இது வண்ணம் பூசுவதுதான். என்ன, பூசிய வண்ணமே பொருளாக எழுந்து நின்றுவிடுகிறது.

அப்புறம் சிக்கல். மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள். காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுத்தால் பழுப்பாக ஒரு கோடு விட்டுவிட்டு வரும். இழுத்தால் நீளாது, பட்டென்று முறியும். ‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷ’னுக்கு நடந்ததும் இதுதான்.

ரப்பர் என்பது நீண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத்தான் தாக்கும். வெளிச்சமும் சூடும் இருந்தால் வேகமாகத் தாக்கும். முதலில் சங்கிலிகள் அறுபடும், அப்போது பொருள் இளகிப் பிசுபிசுக்கும். பிறகு அறுந்த நுனிகளும் பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும், அப்போது விறைத்து நொறுங்கும். நிறமும் கூடவே கருத்துக்கொண்டு வரும். தாமிரம் பட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். கார் டயர் ஏன் இப்படி ஆவதில்லை என்றால், கந்தகம் சேர்த்துச் சுட்டு, கரித்தூளும் ஆக்சிஜனைத் தடுக்கும் வேதிப்பொருட்களும் கலந்திருப்பார்கள். ஹெஸ்ஸேயின் மெல்லிய படலத்தில் அந்தக் காப்பு கிடையாது. அதோடு படலத்துக்குப் பருமன் குறைவு, பரப்போ மிக அதிகம். ஆக்சிஜனுக்கு இதைவிட வசதியான இரை இல்லை.

ஆனாலும் ‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷன்’ நிற்கிறது. காரணம் துணி. லேடெக்ஸ் விறைத்து விரிசல் விட்டாலும் சல்லாத் துணியின் இழைகள் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன, தோல் சுருங்கினாலும் எலும்பு தாங்குவது மாதிரி. துணி எதுவும் இல்லாமல் லேடெக்ஸிலேயே செய்த ‘சான்ஸ் 3’ (Sans III) போன்றவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. சுவரிலிருந்து தரைக்கு நீளும் சிறு பெட்டிகளின் வரிசையாக இருந்த அது, தன் வடிவத்தையே இழந்து மடங்கிப்போய்விட்டது.

ஃபைபர்கிளாஸ் கதை வேறு. பாலியெஸ்டர் ரெசின் வெளிச்சத்தில் மஞ்சளாகும், ஆனால் வடிவம் போகாது. ‘சான்ஸ் 2’ இதற்கு அருமையான சாட்சி. ஐந்து பகுதிகளாகச் செய்த அந்தப் படைப்பு பிற்பாடு பிரிந்து வெவ்வேறு உரிமையாளர்களிடம் போய்விட்டது. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2002இல் நடத்திய பெரிய கண்காட்சியில் பகுதிகள் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. சிதைவு என்பது பொருளுக்குள்ளேயே எழுதப்பட்ட விதி மட்டும் இல்லை, வைத்திருக்கும் இடமும் சேர்ந்துதான் அதை எழுதுகிறது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் எனக்குத் தெரியாது.

அவர் என்ன சொன்னார்

லேடெக்ஸ் நிலைக்காது என்று ஹெஸ்ஸேக்குத் தெரியுமா? தெரியும். 1970இன் தொடக்கத்தில் விமர்சகர் சிண்டி நெம்சர் அவரைப் பேட்டி கண்டார். அந்த ஆண்டு மே மாத ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் பேட்டியின் ஒரு பகுதி வந்தது. அட்டையில் ஹெஸ்ஸேயின் ‘கன்டின்ஜென்ட்’ என்ற படைப்பு. அதே மே 29ஆம் தேதி அவர் இறந்தார்.

அந்தப் பேட்டியில் சொன்ன ஒரு வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வாழ்க்கை நிலைப்பதில்லை, கலையும் நிலைப்பதில்லை, அதனால் பரவாயில்லை என்ற பொருளில் வரும் வரி. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். சிதையட்டும் என்றுதான் அவர் செய்தார், சிதைவுதான் படைப்பு, நாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அந்த வரிக்கு முன்னும் பின்னும் அவர் சொன்னதைப் படிக்க வேண்டும். நிலைத்து நிற்பது பற்றித் தன் நிலைப்பாடு என்ன என்று தனக்கே உறுதியாகத் தெரியவில்லை என்கிறார். ரப்பர்தான் தேவை என்றால் அதுதான் முக்கியம் என்று ஒரு மனம் சொல்வதாகச் சொல்கிறார். யாராவது வாங்க வரும்போது குற்ற உணர்வாக இருக்கிறது, இது நிலைக்காது என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றுகிறது என்றும் சொல்கிறார். அப்படி நினைப்பது ஒருவேளை தப்பித்துக்கொள்வதாக இருக்குமோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

இதை எழுதும்போது எனக்கு அந்தக் கடிதம்தான் கண்ணில் நிற்கிறது. சிதைவைக் கொண்டாடுகிற ஒருவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத் தோன்றாது. அவருக்கு வேண்டியது அந்த ஒளி ஊடுருவும் தோல். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை காலம். விலையைத் தெரிந்தே கொடுத்தார், கொடுக்கும்போது வலித்தது. சிதைவு அவருடைய நோக்கம் இல்லை, அவர் ஏற்றுக்கொண்ட விலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் எழுத்துகளை நிறையப் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு ஒப்பவில்லை.

நோயோடு சேர்த்துப் படிப்பது

1969 ஏப்ரலில் ஹெஸ்ஸே மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி. ஒரு வருடத்துக்குள் மூன்று அறுவை சிகிச்சைகள். ‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷன்’ அந்த ஆண்டு மே மாதம் விட்னி அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘ஆன்டி இல்யூஷன்’ கண்காட்சியில் வைக்கப்பட்டது. தேதிகளை அடுக்கினாலே கதை தானாக ஓடத் தொடங்கிவிடும்: நோயுற்ற உடம்பு, அழியும் தோல், சாவை முன்கூட்டியே உணர்ந்த கலைஞர்.

இந்தக் கதை தப்பு. முதல் காரணம் எளிமையானது. அவர் லேடெக்ஸை எடுத்தது 1967இல், அப்போது கட்டி பற்றி யாருக்கும் தெரியாது. இரண்டாவது காரணம் அந்தப் படைப்புகளின் சுபாவம். 1968இல் செய்த ‘ரெப்பிடிஷன் நைன்டீன் 3’ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தொன்பது ஃபைபர்கிளாஸ் வாளிகள், ஒவ்வொன்றும் அரை மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகக் கொஞ்சம் கோணி நிற்கும். ஸ்டேட்டன் தீவிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் செய்யக் கொடுத்தார். முதலில் ரொம்ப ஒழுங்காக வந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோணலாகச் செய்யச் சொன்னார். எந்த வாளியை எங்கே வைப்பது என்பதை வைப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். இதில் துக்கம் எங்கே இருக்கிறது? கூட்டமாக நின்று கதை பேசும் ஆட்கள் மாதிரி இருக்கிறது. ஹெஸ்ஸே தன் வேலையைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை அபத்தம். எதிரெதிரான இரண்டை ஒன்றாக நிறுத்தி, அதில் பிறக்கும் அபத்தத்தைத்தான் தேடினார். மூன்று மீட்டர் உயரத்துக்குக் கம்பீரமாக எழுந்து, ஆனால் தானாக நிற்க முடியாமல் சுவரில் சாயும் ஒரு திரையிலும் அந்த அபத்தம் இருக்கிறது.

ரெசின் நெடிதான் புற்றுக்குக் காரணம் என்றும் ஒரு பேச்சு உண்டு. பட்டறையில் பாதுகாப்பு குறைவாக இருந்த காலம்தான், ஆனால் அதுதான் காரணம் என்று யாரும் நிறுவியதில்லை. விட்டுவிடலாம்.

நோயை நேராகப் பேசிய சிற்பியும் அதே காலத்தில் இருந்தார். போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அலீனா ஷபோச்னிகோவ். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர். மார்பகப் புற்று வந்த பிறகு பாலியெஸ்டர் ரெசினில் புகைப்படங்களையும் துணிக் கந்தல்களையும் உருட்டிக் கட்டிகளாகச் செய்தார், அவற்றுக்குக் கட்டிகள் என்றே பெயரும் வைத்தார். 1973இல் இறந்தார். அவர் விஷயத்தில் நோயைப் படைப்போடு சேர்த்துப் படிக்க அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஹெஸ்ஸே திறக்கவில்லை. இருவரையும் ஒரே மூச்சில் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

புதிதாகச் செய்துவிடலாமா?

செய்யலாம் என்பவர்களிடம் வலுவான ஒரு சான்று இருக்கிறது. ‘ஆக்சஷன் 2’ பெட்டியை மில்வாக்கியில் காட்சிக்கு வைத்திருந்தபோது பார்வையாளர்கள் உள்ளே ஏறி இறங்கிக் கெடுத்துவிட்டார்கள். ஹெஸ்ஸே அதை மறுபடி செய்ய வைத்தார். அதாவது, ஒரு படைப்பு கெட்டால் திரும்பச் செய்வது அவருக்கே சம்மதம். அவர் உயிரோடு இருந்திருந்தால் தன் வேலை கண்முன்னே நொறுங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்று லெவிட்டும் கருதினார்.

லெவிட் சொன்னதை லேசாகத் தள்ள முடியாது. ஹெஸ்ஸேயை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவர்கள் குறைவு. ஆனால் சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1968 முதல் லெவிட் சுவரோவியங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பார், வேறு ஆட்கள் வரைவார்கள். கண்காட்சி முடிந்தால் சுவரை வெள்ளையடித்துவிடலாம், வேறு ஊரில் மறுபடி வரையலாம். அவருக்குப் படைப்பு என்பது யோசனை. யோசனை பழசாகாது. ஹெஸ்ஸேக்குப் படைப்பு அந்தத் துணியில் அந்த நாளில் அந்தக் கை பூசிய படலம்.

அதனால் ‘ஆக்சஷன் 2’ உதாரணம் லேடெக்ஸுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. எஃகுப் பெட்டிக்கு அளவு இருக்கிறது, துளைகளுக்குக் கணக்கு இருக்கிறது, குழாய்க்கு நீளம் இருக்கிறது. வேறு பட்டறையில் கொடுத்தாலும் அதே பெட்டி வரும். தூரிகை வேகத்துக்கு அளவு கிடையாது. அதோடு, திரும்பச் செய்யச் சொன்னவர் அவர். எது சரியாக வந்திருக்கிறது, எது ரொம்ப ஒழுங்காகிவிட்டது என்று பார்த்துச் சொல்ல அவர் கண் இருந்தது. பத்தொன்பது வாளிகளில் முதல் வார்ப்பைத் திருப்பி அனுப்பிய கண் அது. அந்தக் கண் இல்லாமல் செய்தால், ஒழுங்காகத்தான் வரும்.

சரி, மாதிரி செய்து பார்ப்பதே கூடாதா? கட்டாயம் செய்ய வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ‘சான்ஸ் 3’க்காக, ஹெஸ்ஸேயோடு வேலை செய்தவரின் உதவியோடு புது லேடெக்ஸில் மாதிரி செய்து பார்த்தார்கள். அதில் அவர்கள் கற்றது ஏராளம். லேடெக்ஸை எந்தப் பதத்தில் எத்தனை பூச்சு கொடுத்தால் எப்படி வளைகிறது, புதிதாக இருந்தபோது வெளிச்சம் எப்படி உள்ளே புகுந்தது என்பதையெல்லாம் பழைய புகைப்படம் சொல்லாது, கை சொல்லும். அந்த மாதிரி, மாதிரி என்ற பெயரோடு இருக்கும் வரை நல்லது. படைப்பின் பெயர்ப்பலகையை அதன் பக்கத்தில் மாட்டினால்தான் தவறு.

கிடங்கிலேயே விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. அதுதான் பத்திரம் என்று தோன்றும். வெளிச்சம் இல்லை, கை படாது. ஆனால் இருட்டிலும் ஆக்சிஜன் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்தாலும் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். யாரும் பார்க்காமல் கெடுவதில் என்ன லாபம்? 34 ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுக்க இந்தச் சிற்பத்தைப் பழைய படங்களில் மட்டுமே பார்த்து வளர்ந்திருக்கிறது. அந்தப் படங்களில் அது எப்போதும் புதிது. அதுவும் ஒரு வகைப் பொய்தான்.

2022

குகன்ஹைமின் பாதுகாப்பு வல்லுநர்கள் செய்தது மூன்றாவது வழி. சிற்பத்தைப் புதுப்பிக்கவில்லை. நிற்கும் அளவுக்குத் திடப்படுத்தினார்கள். ஜூலை 8 முதல் அக்டோபர் 16 வரை அது மக்கள் பார்வைக்கு இருந்தது. கூடவே ஹெஸ்ஸே செய்து பார்த்த சிறு சோதனைத் துண்டுகளையும் வைத்தார்கள், சீரமைப்பு வேலையைப் பற்றிய படத்தையும் காட்டினார்கள். அதாவது இது வயதான பொருள், வயதாகும் முன் வேறு மாதிரி இருந்தது, அதை இத்தனை பேர் சேர்ந்து நிற்க வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அந்தக் காட்சியின் படங்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1969 படங்களில் மெல்லிய திரையாக இருந்தது இப்போது பாடம் செய்த தோல் மாதிரி கனத்துத் தெரிகிறது. மடிப்புகள் எந்த நிலையில் கடைசியாக விடப்பட்டனவோ அந்த நிலையிலேயே கல்லாகிவிட்டன. ஒளி இன்னும் புகத்தான் செய்கிறது, ஆனால் ஓரங்களில் மட்டும், கறைபட்ட கண்ணாடி வழியாக வருவது போல. கம்பங்களும் நிறம் மாறியிருக்கின்றன, ஆனால் நேராகத்தான் நிற்கின்றன. செய்யும்போதே அவர் யோசித்த எதிரெதிர், விறைப்பான கம்பமும் நெகிழும் துணியும், இப்போது இல்லை. இரண்டுமே விறைப்பு. இது இழப்பு. அழகான இழப்பு என்று சொல்லி அதைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த விறைத்த பரப்பில் தூரிகைத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. வழிந்த கோடுகள் இருக்கின்றன. கீழ் ஓரத்தில், பூசி முடித்துத் தொங்கவிட்டபோது திரண்ட சொட்டுகள் இருக்கின்றன, விழாமல். எந்த நகலிலும் வராதது அதுதான். அதைப் பார்ப்பதற்காக மக்களை அந்தச் சுவருக்கு முன் நிறுத்தியது சரியான முடிவு.

கண்காட்சி முடிந்ததும் பலகங்களைக் கழற்றி மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். எடுப்பதும் வைப்பதும் ஒவ்வொரு முறையும் சில துகள்களைப் பறிக்கும். அதனால் அடுத்த முறை எப்போது, எத்தனை நாள், எவ்வளவு வெளிச்சத்தில் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அடுத்த முறைக்கு இன்னொரு 34 ஆண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.